பெயர் பரிசீலனையில் உள்ளது

ஜூன் 1, ஞாயிறு

மாலை ஐந்தரை மணிக்கு என் மனைவி பகவதி டவுனிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினாள். நெல்லையப்பர் கோயிலுக்குப் போவதாகச் சொல்லித்தான் காலையில் கிளம்பியிருந்தாள். ஒரு கையில் காலித் தூக்குச்சட்டி. மறு கையில் ஒரு நாய். கோயிலுக்குத் தூக்குச்சட்டி எதற்கு என்று நான் ஒருபோதும் கேட்டதில்லை. நாய் எதற்கு என்று கேட்டேன்.

"டவுன்ல தெரிஞ்ச பிள்ளை ஒண்ணுக்கு உடம்பு முடியல. நாயி இழுக்க இழுப்புக்குப் போகக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்களாம். நாலு மாசம் பாத்துக்கிடுவோம்."

எந்தப் பிள்ளை என்று கேட்பது முறை. கேட்கவில்லை.

பெண் நாய். நாட்டு இனம். செம்பழுப்பு நிறம். வலது காது மடிந்திருக்கிறது. குக்கர் விசில் அடித்தால் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது. வந்து ஒரு மணி நேரத்திற்குள் என் வலது செருப்பின் வாரைத் தின்றுவிட்டது.

"இதற்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருக்குமே?" என்றேன்.

"இருக்கு. அத நான் சொல்ல முடியாது. நீங்களே ஒண்ணு வையுங்க."

ரகசியம் காக்கும்படி சொந்தக்காரர் கேட்டுக்கொண்டாரோ என்னவோ. நாய்க்கு என்ன ரகசியம்?

"டைகர், ஜிம்மியெல்லாம் வேண்டாம். மனுசப் பேரா, பழைய பேரா, கூப்பிட அழகா இருக்கணும்" என்றாள்.

"நாய்க்கு மனிதப் பெயரா?"

"ஏன், பேரு விசயத்துல உங்கள விட்டா ஆளு உண்டா? வையுங்களேன், பாப்போம்."

இந்தக் கடைசி வாக்கியத்தின் தொனி எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 2, திங்கள்

மாநகராட்சி விதிப்படி வீட்டு நாய்களுக்கு ஜூன் முப்பதுக்குள் உரிமம் பெற வேண்டும். விருந்தாளி நாய்க்கு விலக்கு உண்டா என்று விதிகளை இரண்டு முறை படித்தேன். அப்படி ஒன்றும் இல்லை. படிவத்தை அச்சிட்டு எடுத்துவந்தேன். முதல் கட்டமே 'செல்லப்பிராணியின் பெயர்'. ஆக, இது இனி விளையாட்டு அல்ல.

பல்கலைக்கழகத்தின் சான்றிதழ்ப் பிரிவில் கண்காணிப்பாளராக இருப்பவன் நான். நாள்தோறும் பெயர்களோடு மல்லுக்கு நிற்பவன். எனவே இதையும் முறையாகவே அணுகத் தீர்மானித்தேன். உறவினரிலோ அலுவலகத்திலோ உயிரோடு உள்ள எவருடைய பெயராகவும் இருத்தலாகாது. நகரத்துப் பெரிய கோயிலின் அம்மன் பெயர் கூடாது. காந்திமதி இதனால் விலக்கப்படுகிறாள். வாசலில் நின்று உரக்கக் கூப்பிடும்போது தெருவில் யாரும் சிரிக்கக் கூடாது. வைத்த பெயருக்கு நாய் திரும்பிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு நாள் சோதனைக் காலம்.

பகவதியிடம் படித்துக் காட்டினேன். "கவர்மெண்டு வேலைக்கு ஆள் எடுக்க மாதிரி இருக்கு" என்றாள்.

ஜூன் 3, செவ்வாய்

பகவதி இன்று நேரடியாகவே பேச்சை எடுத்தாள்.

"பாப்பாவுக்கு ஏழாம் மாசம். ஆனிக்குள்ள வளைகாப்புப் போட்டு இங்க கூட்டிட்டு வந்திரணும். ஆடி பொறந்திட்டா ஒண்ணும் செய்ய முடியாது. ஆவணி வரைக்கும் தள்ள முடியாதுங்க."

"என் நிபந்தனை உனக்குத் தெரியும்."

"தெரியும். திரும்பவும் கெசட்டுல போட்டுப் பழைய பேருக்கு மாத்திட்டு வரணும். வயித்துப் பிள்ளையோட அதுக்கு அலையணும். அதான?"

"ஆம்" என்றேன்.

பின்னாளில் இந்த நோட்டைப் படிக்கும்போது எனக்கே குழப்பம் வராதிருக்க இதைப் பதிவு செய்கிறேன். எங்கள் வழக்கப்படி மூத்த பெண்ணுக்குத் தகப்பனைப் பெற்றவளின் பெயர். ஆகவே மகளுக்கு என் தாயாரின் பெயரான ஆவுடையம்மாள் என்பதை இட்டேன். மாமியாரின் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பதும் எங்கள் வழக்கமே. ஆகவே பெற்ற தாய்க்கு அவள் வெறும் பாப்பா. வீட்டில் அந்தப் பெயரை முழுதாகச் சொல்லி அழைத்தவன் நான் ஒருவன்தான். ஐந்து எழுத்தையும் விடாமல், சுருக்காமல்... இல்லை, ஏழு எழுத்து. பதற்றத்தில் எண்ணிக்கை பிசகுகிறது.

பதினைந்து வயதில் பெயரை மாற்றித் தரும்படி கேட்டாள். வகுப்பில் கேலி செய்கிறார்களாம். மைனருக்கு அந்த உரிமை இல்லை என்று சொன்னேன். காத்திருந்து, கல்யாணமும் ஆகி, வேலைக்கும் போன பிறகு, சென்ற ஆண்டு பிப்ரவரியில் அரசிதழில் அறிவித்து மாற்றிக்கொண்டாள். அலுவலகத்துத் தொலைபேசியில் பழைய பெயரை ஒவ்வொருவரிடமும் நான்கு முறை சொல்ல வேண்டியிருந்ததாம். புதுப் பெயரை இந்த நோட்டில் எழுத எனக்கு விருப்பமில்லை. பட்டச் சான்றிதழில் மாற்றம் கோரும் அவளுடைய விண்ணப்பம் என் மேசைக்கே வந்தது. இணைப்புகள் யாவும் சரி. ஒரே ஒரு பிழை இருந்திருந்தாலும் திருப்பி அனுப்பியிருப்பேன். ஒப்பமிட்டேன். அன்று முதல் அவளிடம் பேசவில்லை.

நாய் இடது செருப்பையும் தின்றுவிட்டது.

ஜூன் 5, வியாழன்

முதல் பெயர்: மரகதம். விதிகள் அனைத்துக்கும் உட்பட்டது என்றே எண்ணினேன். காலை ஆறரைக்கு வாசல் படியில் நின்று, "மரகதம்! மரகதம், இங்கே வா!" என்று மூன்று முறை அழைத்தேன். நாய் அசையவில்லை. பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது.

பேச்சிமுத்து அண்ணாச்சி, தபால் துறையில் ஓய்வு பெற்றவர், பனியனோடு சுவர் ஓரம் வந்து நின்றார். போன தை மாதம் மனைவியை இழந்தவர். இருபது ஆண்டுகளாக அந்த அம்மாளை நாங்கள் 'அண்ணாச்சி வீட்டு மதினி' என்றே சொல்லி வந்திருக்கிறோம். அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்கும் என்ற எண்ணமே எனக்கு எழுந்ததில்லை.

"யாருவே எங்க வீட்டுக்காரிய இந்நேரத்துல கூப்பிடுதது?" என்றார்.

என் வாழ்நாளில் இவ்வளவு வெட்கப்பட்டதில்லை. நாயைக் காட்டி விளக்கினேன். மன்னிப்புக் கேட்டேன். பெயர் உடனடியாக ரத்து செய்யப்படும் என்று உறுதியளித்தேன்.

"அதுக்கென்னவே. நாப்பத்தொரு வருசம், ஏளா ஏளான்னே கூப்பிட்டுக் காலத்த ஓட்டிட்டேன். ஒரு நாளு பேரச் சொன்னதில்ல. இப்பத்தான் காதால கேக்கேன்." என் பக்கம் திரும்பினார். "இன்னொரு தடவ கூப்பிடும், குற்றாலிங்கம்."

கூப்பிடவில்லை. எப்படிக் கூப்பிடுவது? பெயர் ரத்து.

ஜூன் 8, ஞாயிறு

கால்நடை மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். உரிமத்துக்குத் தடுப்பூசிப் புத்தகம் தேவை. "புத்தகம் அந்தப் பிள்ளைகிட்ட இருக்கு, அப்புறமா வாங்கித் தாரேன்" என்கிறாள் பகவதி. எப்போது என்று கேட்டால் "நேரம் வரும்போது" என்கிறாள். புத்தகம் என்ன பஞ்சாங்கமா, நேரம் பார்த்து வருவதற்கு?

மருத்துவர் இளம்பெண். குடற்புழு மாத்திரை எழுதும் முன், "பேரு சார்?" என்றார்.

"குற்றாலிங்கம்."

"உங்க பேரு இல்ல சார், பாப்பா பேரு."

"பெயர் பரிசீலனையில் உள்ளது" என்றேன்.

அவர் அட்டையில் அப்படியே எழுதிக்கொண்டார். "பரிசீலனை! வாடி தங்கம், வாயத் தொற" என்று அழைத்தபோது காத்திருந்த நான்கு பேரும் என்னையே பார்த்தார்கள், அவர்களுடைய ஒரு பூனையும் பார்த்தது.

ஜூன் 11, புதன்

அபரஞ்சி. சோதனை தோல்வி.

ஜூன் 14, சனி

இதுவரை தள்ளுபடியானவை: மரகதம், அபரஞ்சி, பங்கஜவல்லி, கனகாம்புஜம், தில்லைநாயகி. எல்லாமே எடுப்பான பெயர்கள். அந்தக் காலத்துக் கல்யாணப் பத்திரிகைகளில் பொன்னெழுத்தில் அச்சேறியவை. ஒன்றுக்கும் இந்தப் பிராணி காதை நிமிர்த்துவதில்லை. நிமிர்த்துவதற்கு ஒரு காதுதான் உண்டு, அதையும் நிமிர்த்தவில்லை.

பகவதியின் எதிர்ப்பு வேறு. ஒவ்வொரு பெயரையும் நான் சொல்லச் சொல்ல, காய் நறுக்கிக்கொண்டே, "ம்ஹூம், இதில்ல" என்கிறாள். கனகாம்புஜத்துக்கு என்ன குறை என்றேன். "நல்ல பேருதான். ஆனா இதில்ல." எது என்று தனக்குத் தெரியும் என்பதுபோல் பேசுகிறாள்.

"வடிவு?" என்றேன்.

"உங்க ஆபீஸ்ல டைப்படிக்க அக்கா வடிவுதான? நாளைக்கு அவங்க வீட்டுக்கு வந்தா, நாயா அவங்களான்னு தெரியாம ரெண்டு பேருக்கும் பிஸ்கட்டு வைக்கவா?"

"நீயே ஒன்று சொல்லேன்."

"நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

"ஏன் நான்தான் சொல்ல வேண்டும்?"

வெண்டைக்காயை முன்பைவிட வேகமாக நறுக்கினாள்.

ஜூன் 15, ஞாயிறு

பகவதி கோயிலுக்குப் போனாள். தூக்குச்சட்டியில் மாங்காய்ப் பச்சடி. அம்மன் மாங்காய் கேட்டிருப்பாள் போலிருக்கிறது.

ஜூன் 18, புதன்

அலுவலகத்தில் ஒரு பெண் பெயர் மாற்ற விண்ணப்பத்தோடு வந்தாள். சீனியம்மாள், இனிமேல் சஹானா. இரண்டாம் இணைப்பில் சாட்சியின் ஒப்பம் இல்லை. திருப்பிக் கொடுத்தேன். முகம் வாடிவிட்டது.

"உன் அப்பாவுக்குச் சம்மதமா?" என்று கேட்டேன். அப்படிக் கேட்க எந்த விதியிலும் இடமில்லை. ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

"வீட்ல என்னைச் சீனின்னுதான் சார் கூப்பிடுவாங்க. அது எப்பவும் அப்படியேதான் இருக்கும். இது வெளிய உள்ளவங்களுக்கு" என்றாள்.

விதியில் இல்லாத கேள்வியைக் கேட்டால் இப்படித்தான், தேவையில்லாத பதில் வரும்.

வீடு திரும்பினால் வாசலில் நாய். பெயரில்லாததால் அதைத் திட்டக்கூட முடியவில்லை.

ஜூன் 23, திங்கள்

நிதானமாக எழுத முயல்கிறேன்.

இன்று அம்மாவின் திதி. விடுப்பு எடுத்திருந்தேன். காரியம் முடியும்வரை நாயைக் கொல்லைப்புறத்தில் கட்டி வைக்கும்படி நேற்றே அறிவுறுத்தியிருந்தேன். ஒன்பது மணிக்கு ஐயர் வந்தார். கூடத்தில் தர்ப்பை பரப்பி, எள்ளும் தண்ணீரும் வைத்து, மந்திரம் தொடங்கினார்.

"அம்மா பேரச் சொல்லி மூணு தரம் எள்ளுந் தண்ணியும் விடுங்கோ."

"ஆவுடையம்மாள்" என்றேன். கொல்லையில் சங்கிலி குலுங்கியது.

"இன்னொரு தரம்."

"ஆவுடையம்மாள்." அடுக்களைத் தரையில் நகங்கள் உராயும் ஓசை.

மூன்றாவது முறை சொல்லிக் கண்ணைத் திறந்தேன். என் வலது முழங்காலை ஒட்டி, ஒற்றைக் காதை விறைப்பாக நிமிர்த்திக்கொண்டு, அந்த நாய் உட்கார்ந்திருந்தது. அதன் வால் தர்ப்பையைப் பெருக்கித் தள்ளிக்கொண்டிருந்தது. மூன்று வாரம் எத்தனையோ பெயர் சொல்லி அழைத்தபோது வராத ஒரு பார்வையோடு என் முகத்தையே பார்த்தது.

"ஐயையோ, நாய்! என்ன ஓய் இது, கூப்பிட்டா மாதிரி வந்து உக்கார்றது! எழுந்திருங்கோ, எழுந்திருங்கோ, மறுபடி ஸ்நானம் பண்ணிட்டு வாங்கோ" என்று ஐயர் எழுந்து நாற்காலியின் பின்னால் போய்விட்டார்.

மீண்டும் குளித்து, கூடம் கழுவி, நாயைக் குளியலறைக்குள் வைத்துத் தாழிட்டு, முதலிலிருந்து தொடங்கினோம். மூன்று முறை பெயரைச் சொன்னேன். மூன்று முறையும் குளியலறைக்குள்ளிருந்து பதில் வந்தது. "பித்ருக்கள் திருப்தியாயிட்டதா வச்சுக்குவோம்" என்று ஐயர் அவசரமாக முடித்துக்கொண்டு கிளம்பினார்.

அவர் போனதும் சோதனை செய்தேன். வாசலிலிருந்து ஒரு முறை, மாடிப் படியிலிருந்து ஒரு முறை, கொல்லைக் கிணற்றடியிலிருந்து மெல்லிய குரலில் ஒரு முறை. மூன்று முறையும் வந்தது. ஐயத்துக்கு இடமில்லை.

பகவதி அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். சிரிக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"இதற்கு முன்பே இந்தப் பெயர்தானா?"

தலையாட்டினாள்.

"முதல் நாளே சொல்லியிருக்கலாமே!"

"எப்படிங்க சொல்ல? அத்தை பேரு. இருபத்தாறு வருசமா என் வாயில வந்ததில்ல."

"எழுதிக் காட்டியிருக்கலாம்."

"எழுதினா மட்டும் சொன்னதுல சேராதா? நீங்களா ஒரு நாளு கூப்பிட்டிருவீங்கன்னு இருந்தேன். ஊரு உலகத்துல உள்ள பேரெல்லாம் கூப்பிட்டீங்க. பக்கத்து வீட்ல செத்துப்போன மதினியக்கூடக் கூப்பிட்டீங்க. அத மட்டும் கூப்பிடல."

"நாய்க்கு என் தாயார் பெயரா? இது என்ன அவமரியாதை! அந்தப் பெயரைக் காகிதத்திலிருந்து எடுத்துவிட்டு நாயின் கழுத்தில் கட்டுவதா?"

அதன் பிறகு பகவதி பேசியதை அப்படியே எழுதுகிறேன். அவள் இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நான் கேட்டதில்லை.

"பேர மாத்தின மறுமாசம் பாப்பா என்கிட்ட அழுதா. எம்மா, ஆபீசுக்கு அந்தப் பேரு ஒத்துவரல, மாத்திட்டேன். ஆனா அந்தப் பேரு காதுல விழாம இருக்க முடியலயேன்னா. நானும் சொல்ல மாட்டேன். அவ மாப்பிள்ளை புதுப் பேரத்தான் சொல்லுதாரு. கூப்பிட்டது நீங்க ஒரு ஆளு. நீங்களும் வாய மூடிட்டீங்க. பெறகுதான் இந்தக் குட்டிய எடுத்து வளத்தா. தெனம் இருவது தரம் கூப்பிடுதா. எழுந்திரி ஆவு... பாத்தீங்களா, எனக்கு வருதான்னு! ஒண்ணேகால் வருசத்துல நீங்க ஒரு தரம் கூப்பிட்டீங்களா?"

நாய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என் காலடியில் படுத்துக்கொண்டது.

ஜூன் 24, செவ்வாய்

அலுவலகம் சென்றேன். வேலை நிறைய இருந்தது.

ஜூன் 25, புதன்

சீனியம்மாள் சாட்சியின் ஒப்பத்தோடு மீண்டும் வந்தாள். ஒப்பமிட்டேன்.

ஜூன் 27, வெள்ளி

கேட்காமலே பகவதி தடுப்பூசிப் புத்தகத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். மூன்று வாரமாக அது அரிசிப் பானைக்குள் இருந்திருக்கிறது. முதல் பக்கம் மகளின் கையெழுத்தில். எழுத்துகள் ஒரு பக்கமாய்ச் சாயாமல், கோட்டுக்கு மேல் நேராக நிற்கின்றன. அப்படி எழுத நான்தான் பழக்கினேன்.

உரிமப் படிவத்தை நிரப்பினேன். செல்லப்பிராணியின் பெயர்: ஆவுடையம்மாள். இனம்: நாட்டு நாய். அடுத்த கட்டம், உரிமையாளரின் பெயர். நாய் என் வீட்டில் இருந்தாலும் உரிமையாளர் நானல்ல. பொய்யான விவரம் தருவது குற்றம் என்று படிவத்தின் அடியில் அச்சிட்டிருக்கிறார்கள். பேனாவை மூடித் திறந்து, மூடித் திறந்து உட்கார்ந்திருந்தேன்; பகவதி கொண்டுவந்து வைத்த காப்பி ஆறியும் போயிற்று.

உரிமையாளர் பெயர்: அவந்திகா.

தெளிவான எழுத்தில் நிரப்ப வேண்டும் என்பது நிபந்தனை. தெளிவாகவே எழுதினேன். பெயரில் எழுத்துப்பிழைக்கு இடமே இல்லை. அந்த அளவில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

படிவத்தில் உரிமையாளரின் ஒப்பமும் தேவை.

"குடுங்க, ஞாயித்துக்கிழமை நான் வாங்கிட்டு வாரேன்" என்றாள் பகவதி.

"ஒப்பம் என் முன்னிலையில் இடப்பட வேண்டும்."

"அப்படி ஒரு ரூல் இருக்கா?"

"இருக்கிறது" என்றேன். இல்லை.

ஜூன் 28, சனி

நானும் பகவதியும் நாயும் ஆட்டோவில் டவுன் சென்றோம். தூக்குச்சட்டியை நான் வைத்துக்கொண்டேன். தெற்கு ரதவீதிக்குப் பின்னால் ஒரு சந்து, மாடியில் வீடு. படியேறும்போதே என்ன சொல்வது என்று தீர்மானித்திருந்தேன்: 'உரிமப் படிவத்தில் உன் ஒப்பம் தேவைப்படுகிறது.' சுருக்கம், தெளிவு.

அவள் கதவைத் திறந்தாள். வயிறு எனக்குத் தெரிந்த எதைவிடவும் பெரியதாக இருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. தீர்மானித்த வாக்கியம் வரவில்லை.

"அவந்திகா" என்றேன்.

அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். நாய் என் கையிலிருந்து சங்கிலியை உருவிக்கொண்டு அவள் மேல் பாய, பகவதி "ஏட்டி, வயித்துல ஏறாத!" என்று கத்த, தூக்குச்சட்டி மூடி உருண்டு படியில் இறங்கிப் போயிற்று.

"உள்ள வாங்கப்பா" என்றாள்.

படிவத்தை நீட்டினேன். வாசித்தாள். முதல் கட்டத்தையும் மூன்றாம் கட்டத்தையும் பார்த்து, விரலை அங்கேயே வைத்திருந்தாள். பேனாவை எடுத்து, என்னைப் பார்க்காமல், "எந்தப் பேருல கையெழுத்துப் போடட்டும்பா?" என்றாள்.

"கெசட்டில் உள்ளபடி போடு."

போட்டாள். அதன் மேல் ஒரு சொட்டு விழுந்து கடைசி எழுத்து கலைந்தது. இப்படிப்பட்ட படிவத்தை நானாக இருந்தால் ஏற்றுக்கொள்ள மாட்டேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

"ஆனி முடிய இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. வளைகாப்புக்கு ஒரு தேதி பார்க்க வேண்டும்" என்றேன். பகவதி எனக்கு முன்பே அதைப் பார்த்து வைத்திருந்தாள்.

ஜூன் 30, திங்கள்

மாநகராட்சி அலுவலகத்தில் படிவத்தைக் கொடுத்தேன். கவுண்ட்டரில் இருந்தவர், "நாய்க்கு வைக்க பேரா சார் இது?" என்று சிரித்தார். அந்தப் பெயரை வைத்திருந்தவர்களைப் பற்றி அவருக்குக் கால் மணி நேரம் எடுத்துரைத்தேன். எனக்குப் பின்னால் வரிசை நீண்டது.

ஜூலை 11, வெள்ளி

வளைகாப்பு முடிந்தது. பந்தியில் எலுமிச்சைச் சாதம் பற்றவில்லை. பேச்சிமுத்து அண்ணாச்சி வந்து மொய்க் கவரில் 'மரகதம் பேச்சிமுத்து' என்று எழுதிக் கொடுத்தார். அவந்திகா மாடி அறையில் இருக்கிறாள். பிரசவம் வரை இங்கேதான்.

வீட்டின் ஒழுங்கு முற்றிலும் குலைந்துவிட்டது. பகவதிக்கு நாயின் பெயர் வாயில் வராது. ஆகவே அதற்குச் சோறு வைக்கும் ஒவ்வொரு முறையும் கூப்பிட நான் எழுந்து வர வேண்டியிருக்கிறது. இன்று மாலை கூடத்தில் நின்று, "ஆவுடையம்மா!" என்று உரக்க அழைத்தேன். கொல்லையிலிருந்து ஒன்று ஓடி வந்தது. மாடியிலிருந்து இன்னொன்று, படியில் ஒரு கையும் இடுப்பில் ஒரு கையுமாக, வளையல் குலுங்க, "என்னப்பா?" என்று இறங்கி வந்தது.

நாயைத்தான் அழைத்தேன் என்று விளக்கவில்லை. எட்டாம் மாதத்தில் மாடிப்படி இறங்கக் கூடாது என்று மட்டும் கண்டித்தேன்.